பன்றி என்று எழுதிய மனு

ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் கட்டுகளைக் கவனித்த குமாஸ்தா நான். பெயர் தனுஷ்கோடி. பதினெட்டு வருஷம் அதே நாற்காலி. துப்பாக்கி வைத்திருந்த பெரிய மனிதர்கள் பலரை எனக்குத் தெரியும். பாதிப்பேர் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டி, கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் காட்டினார்கள். மீதிப்பேர் வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய் ஒரு முயலைச் சுட்டுவிட்டு, அடுத்த வருஷம் வரை அதையே பேசினார்கள். அவர்களைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. நான் எழுதுவது வ. புதுப்பட்டி சூசையைப் பற்றி. உயிருக்குப் பயந்து, ஆறு வருஷம் துப்பாக்கி கேட்டு எங்கள் ஆபீஸ் படியேறியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

சூசைக்கு ஊருக்கு மேற்கே, மலையடியில் மூன்று ஏக்கர் புஞ்சைக் காடு. ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு ஓலைவீடு. அதில் அவரும் மனைவி அமிர்தவல்லியும் மகள் அருள்செல்வியும் இருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு கிடையாது. அப்பா காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போவார். மற்ற நாட்களில் மண்ணும் மாடும்தான்.

அவரிடம் ஒரு வியாதி இருந்தது, பொய் சொல்ல வராது. வத்திராயிருப்புச் சந்தைக்கு மாடு விற்கப் போனவர், விலை பேசி முடிந்த பிறகு, "இடது பின்னங்காலு செத்த நேரம் நடந்தா நொண்டும், பாத்துக்கிடுங்க" என்று தாமாகவே சொல்லி, மாட்டை மறுபடி வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். அமிர்தவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

1931-இல் ஒரு சாயங்காலம், புதுப்பட்டி ரோட்டில் ஓடைப்பாலத்துப் பக்கம், பஞ்சு வியாபாரி ஒருவரின் வண்டியை ஒருவன் மறித்தான். வண்டிக்காரனின் கையை வெட்டிவிட்டு, வியாபாரியின் மடியில் இருந்த பணத்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். சுற்றுக் காடுகளில் நாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோது மூன்று பேர் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். என்ன களையோ, அப்படிக் குனிய வைத்த களை. சூசை மட்டும் நிமிர்ந்து நின்று சொன்னார்.

"சுந்தரபாண்டியம் பேச்சிமுத்து. மூஞ்சியப் பாத்தேன்."

மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் வேதப் புத்தகத்தை முத்தமிட்டு அதையே மறுபடி சொன்னார். பேச்சிமுத்துவுக்கு ஏழு வருஷம். விலங்கோடு கூட்டிப் போகையில் வராந்தாவில் சூசையைப் பார்த்துவிட்டு அவன் நின்றான்.

"ஏலே சூசை, ஏழு வருசம் கண்ண மூடி முழிக்கதுக்குள்ள போயிரும். ஒன் கிணத்தடியில வச்சே ஒன்னய வெட்டுதேன். எண்ணிக்கிட்டே இரு."

கூட இருந்த போலீஸ்காரர், "நடடா, நடடா" என்று சிரித்தபடி இழுத்துப் போனார். இப்படி எத்தனை சவடாலைக் கேட்டவரோ. சூசைக்கு அது முதல் தடவை.

பத்தாம் நாள் எங்கள் ஆபீசுக்கு வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வராந்தாவிலேயே மத்தியானம் வரை நின்றார். நான் சாப்பிடப் போகையில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்ன வே வேணும் உமக்கு?"

"ஒரு துப்பாக்கி வேணும்யா."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கால்படி உப்பு வேணும் என்பது மாதிரி கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான்தான் மனுவை எழுதிக் கொடுத்தேன். பேச்சிமுத்துவின் பெயர், ஊர், அவன் சொன்ன வார்த்தை, எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ விடவில்லை அந்த மனுஷன். "கழுத்தை வெட்டுவேன்" என்று நான் எழுதியதை வாசித்துக் காட்டியபோது, "கழுத்துன்னு அவன் சொல்லலையே, வெட்டுதேன்னுதான் சொன்னான்" என்று திருத்தச் சொன்னார்.

துப்பாக்கி மனு என்றால் அது லேசில் நகராது. கிராம முன்சீப் விசாரிக்க வேண்டும், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எழுத வேண்டும், போலீஸ் எழுத வேண்டும், தாசில்தார் சிபாரிசு செய்ய வேண்டும், பிறகு கலெக்டர் ஆபீஸ். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி ஆசாமி சிறையில் இருப்பதால் மனுதாரருக்கு அபாயம் ஏதும் இல்லை, மனு தள்ளுபடி.

நான் வாசித்துக் காட்டினேன். சூசை தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அவன் வெளிய வந்த பொறவுதான் கேக்கணுமாய்யா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"வந்தா, நான் இங்க வந்து எழுதிக் குடுத்து, எட்டு மாசம் பொறுக்கணும். அதுவரைக்கும் அவனும் பொறுக்கணுமே."

அடுத்த வருஷம் மறுபடி எழுதினோம். அதற்கடுத்த வருஷமும். மனுவில் ஒன்றும் மாறவில்லை, எண்ணிக்கை மட்டும் மாறியது. "இன்னும் ஐந்து வருஷத்தில் வெளியே வருவான்" என்று ஒன்றில் இருக்கும். "இன்னும் நாலு" என்று அடுத்ததில் இருக்கும். எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒருமுறை புதிதாக வந்த தாசில்தார் சூசையை நேரில் கூப்பிட்டு, "ராஜபாளையத்துல நல்ல நாய் கிடைக்குமே, ஒண்ணு வாங்கி வளர்க்கிறதுதானே?" என்றார். சூசை அதையும் செய்தார். வெள்ளை நாய், நல்ல உயரம். ஒன்றரை வருஷம் வளர்த்தார். மலையிலிருந்து இறங்கிய சிறுத்தை அதை ஒருநாள் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வருஷத்து மனுவில் நாயைப் பற்றி ஒரு வரி சேர்த்தோம்.

அந்தக் காலத்தில் ராஜபாளையத்துப் பணக்காரர் ஒருவர் இரட்டைக்குழல் ஒன்று போதவில்லை என்று இரண்டாவதற்கு மனுப் போட்டார். மூன்றே வாரத்தில் வந்தது. அந்தக் கட்டையும் நான்தான் கட்டினேன். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பளம் வாங்குகிற கை, கட்டிவைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

எங்கள் ஆபீஸ் வராந்தாவில் சூசையின் மனு ஒரு பட்டிமன்றமாகவே ஆகிவிட்டது. வக்கீல் குமாஸ்தா ஐயாதுரைக்குக் கதர்ப் பைத்தியம். அவர் சொல்வார்: "வெள்ளைக்காரன் நம்ம கைய வெறுங்கையா வச்சிருக்கணும்னே இந்தச் சட்டத்தப் போட்டான். களவாணிக்கு லைசென்ஸ் வேணுமா? அருவாளத் தூக்கிட்டு வந்திருவான். சாட்சி சொன்னவன்தான் முத்திரை ஒட்டி மனு எழுதணும்." எங்கள் ஹெட்கிளார்க் விடமாட்டார். "ஆளுக்கொரு துப்பாக்கியக் குடுத்துப் பாரும் வே. வரப்புத் தகராறு, வாய்க்கா தகராறு, மச்சினன் தகராறு. வாரத்துக்கு ஒரு பொணம் இந்த வாசல்ல கிடக்கும். அருவான்னா ஓடித் தப்பிக்கலாம். ரவைகிட்ட இருந்து எங்க ஓடுவ?"

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. சூசை படியில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பார். யாரும் அவரிடம் கேட்டதில்லை.

1935-இல் ரெவின்யூ இன்ஸ்பெக்டரோடு விசாரணைக்கு நானும் அவர் காட்டுக்குப் போனேன். கிணற்றடியில் புதிதாக முள்வேலி போட்டிருந்தார். பின்பக்கம் ஓலையைப் பிரித்து இன்னொரு வாசல் வைத்திருந்தார், ஓடுவதற்கு. மலைக்கு விறகு வெட்டப் போகிற ஒற்றையடிப் பாதை அவர் சோளக்காட்டின் ஓரமாகவே போனது. அதை அடைக்க முடியாது, ஊர்ப்பாதை. அருள்செல்விக்கு அப்போது பதினாறு இருக்கும். தண்ணீர் இறைக்கும்போது இரண்டு வாளிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே இறைத்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே மோர் குடிக்கப் பிடிக்கவில்லை.

அமிர்தவல்லி எங்களை நேராகவே கேட்டாள்.

"குடுக்கப் போறீயளாய்யா அதை? குடுக்காதீய. அவியளுக்கு ஆட்டை அறுக்கவே கை நடுங்கும். அது வீட்டுக்குள்ள வந்தா எனக்கு ஒறக்கம் போயிரும்."

"இப்ப மட்டும் ஒறங்குதியாக்கும்?" என்றார் சூசை.

"இப்ப அவன் ஒருத்தனுக்குத்தான் பயப்படுதேன். அது வந்துட்டா ஒங்களுக்கும் சேத்துல்லா பயப்படணும்."

"ஏட்டி, அவன் வந்தா நீ என்ன செய்வ?"

"கத்துவேன்."

"யாருக்குக் கேக்கும்?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சோளமும் மலையும்தான் இருந்தன. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். பங்குச் சுவாமியாரிடமும் அவள் சொல்லியிருக்கிறாள். அவர் சூசையைக் கூப்பிட்டு, ஆயுதத்தை நம்பாதே, ஆண்டவரை நம்பு என்று புத்தி சொன்னார். "நம்பித்தான் சாமி கோர்ட்டுல உண்மையச் சொன்னேன்" என்று சூசை பதில் சொன்னாராம். சுவாமியார் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறாவது மனுவும் திரும்பி வந்தபோது 1936 முடிந்துகொண்டிருந்தது. நன்னடத்தைக் கழிவு போக, பேச்சிமுத்து அடுத்த வருஷமே வெளியே வந்துவிடுவான் என்று ஐயாதுரை விசாரித்துச் சொல்லியிருந்தார். சூசை என் மேஜை முன்னால் நின்றார். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, மயிர் முழுக்க நரைத்திருந்தது. எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றார். அதுதான் என்னை என்னவோ செய்தது. இரக்கமா, எரிச்சலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆறு வருஷமாக மூடமுடியாத ஒரு மனுக்கட்டை மூடித் தொலைக்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, ஒம்ம காட்டுல பன்னி வருமா?" என்று கேட்டேன். அதற்குள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்பமாச்சும் வரும். தகரத்தத் தட்டுனா ஓடிரும்."

"அப்ப பன்னின்னு எழுதுவோம். பயிர்க் காவலுக்குன்னு கேட்டா எவனும் தடுக்க மாட்டான். மலையடிவாரத்துல பாதிப்பேரு அப்படித்தான் வாங்கியிருக்கான்."

"எனக்குப் பன்னிக்கு இல்லையேய்யா வேணும்."

"துப்பாக்கி வேணுமா, வேண்டாமா?"

நான் புதுத் தாளை எடுத்து விரித்தேன்.

"பன்னி வரும்னு நீரே சொன்னீருல்லா? அதைத்தான் எழுதுதேன். பேச்சிமுத்து பேரு இதுல வரக் கூடாது. பழைய மனுவைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. யாரு கேட்டாலும் பன்னின்னு சொல்லும்."

"யாரு கேட்டாலுமாய்யா?"

"யாரு கேட்டாலும்."

மாடு விற்கத் தெரியாத மனுஷனை, அந்தத் தாளில் பெருவிரல் ரேகை வைக்கச் செய்தேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்தான். அன்றைக்குப் பேனா பிடிக்க வரவில்லை என்று சொல்லி ரேகை வைத்தார். இரண்டு மாதத்தில் லைசென்ஸ் வந்தது, 1937 டிசம்பர் 31 வரைக்கும், காட்டு மிருகங்களிடமிருந்து பயிரைக் காக்க மட்டும்.

மதுரைக்குப் போய் ஒரு ஒற்றைக்குழல் வாங்கி வந்தார். குழலுக்குள் மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்துச் சுடுகிற பழைய ரகம். ஒருமுறை வெடித்தால் மறுபடி கெட்டிக்க நேரம் பிடிக்கும். நம்பரைப் பதிய எங்கள் ஆபீசுக்குக் கொண்டு வந்தபோது, பிறத்தியார் வீட்டுப் பிள்ளையைத் தூக்குகிறவர் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். ஹெட்கிளார்க்கே தொட்டுப் பார்த்தார். சூசை சிரிக்கவில்லை.

ஒரு பனைமரத்தைக் குறிவைத்துச் சுட்டுப் பார்த்தாராம். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தோள் வீங்கி, ஒரு வாரம் ஏர் பிடிக்க முடியவில்லை. பன்றி வந்தால் பழையபடி தகரத்தைத்தான் தட்டினார்.

கார்த்திகை மாதம் பேச்சிமுத்து வெளியே வந்தான். அரசாங்கம் அதை யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. சுந்தரபாண்டியத்தில் அவன் மனைவி சீனியம்மாள் கூலி வேலை செய்து காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளோடு போய்ச் சேர்ந்தான் என்றும், ஆள் இளைத்துப்போய் இருமிக்கொண்டே இருக்கிறான் என்றும் காப்பிக் கடையில் சொன்னார்கள். மலைக்கு விறகுக்குப் போகிறானாம். மறுநாளே சூசை வந்துவிட்டார்.

"வந்துட்டானாமே ஐயா."

அவரை அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே போனேன். அங்கிருந்தவர் பாக்கை மென்றுகொண்டே கேட்டார்.

"ஏதாச்சும் செஞ்சானா?"

"இல்லைய்யா. ரெண்டு நா காட்டு வழியா மலைக்குப் போனான். போறப்ப நின்னு வீட்டப் பாத்துட்டுப் போனான்."

"பார்க்கிறதுக்குக் கேஸ் போட முடியுமா? ஏதாச்சும் செஞ்சா வா."

"செஞ்ச பொறவு நான் எப்படிய்யா வாறது?"

அவர் பாக்கைத் துப்பப் போனவர் திரும்பி வரவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தோம். சூசையோடு தேரடி வரைக்கும் நடந்தேன். பிறகு, "பன்னிக்குக் குடுத்த துப்பாக்கிய மனுசன்கிட்டக் காட்டுனா தப்பாய்யா?" என்று கேட்டார். காட்டினால் மட்டும் போதும், பயந்து ஓடிவிடுவான் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருந்தது. விடிந்து பனி விலகாத நேரம். அருள்செல்வி கிணற்றடிக்குப் போயிருந்தாள். சூசை வீட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சோளம் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. பாதை ஓரம் சோளத்தட்டை அசைந்தது. கெட்டித்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நாலு எட்டு முன்னால் போனார். "யாரது?" என்றார். பதில் இல்லை. அசைவு பாதையை விட்டுக் கிணற்றுப் பக்கம் திரும்பியது. தட்டையை விலக்கிக்கொண்டு பேச்சிமுத்து வெளியே வந்தான். மகளுக்கும் அவனுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. சூசை சுட்டார்.

பனைமரத்தில் படாத ரவை அன்றைக்குப் பட்டது. பேச்சிமுத்து கிணற்றடியிலேயே விழுந்து, அரைமணி நேரத்தில் செத்தான். அவன் இடுப்பில் அரிவாள் இருந்தது. இடுப்பில்தான் இருந்தது, கையில் இல்லை. விறகுக்குப் போகிறவன் எவன் இடுப்பில் அரிவாள் இல்லை? வெட்ட வந்தானா, தண்ணீர் குடிக்க வந்தானா, அதைச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். சூசை துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு புதுப்பட்டிக்கு நடந்துபோய்க் கிராம முன்சீப்பிடம் ஒப்படைத்தார். பூசைக்குப் போகிற சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாராம்.

தை மாதம் சீனியம்மாள் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். விதவைக்கு அரசாங்கத்தில் ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்க யாரோ அனுப்பியிருக்கிறார்கள். கிடையாது என்று நான்தான் சொன்னேன். போகிறவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"அந்த மனுசனுக்குத் துப்பாக்கி குடுத்தது ஆருங்கய்யா?"

"சர்க்கார்" என்றேன்.

"அவருக்கு இருமல் ஓயல ஐயா. அருவாளத் தூக்கவே தெம்பில்ல. வழியில தண்ணி கிடைச்சா குடிச்சுக்கிடுதேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

அவள் பொய் சொன்னாளோ, உண்மை சொன்னாளோ. அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

பங்குனியில் மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. சூசையின் மனுக்கட்டைக் கொண்டுவரச் சொல்லி எனக்குச் சம்மன் வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் ஏறிய அதே சாட்சிக்கூண்டில் நான் ஏறினேன். பிராசிக்யூட்டர் ஒவ்வொரு மனுவாக எடுத்து வாசித்தார். முதல் மனு, இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் என் எழுத்து. குமாஸ்தா மனு எழுதிக்கொடுப்பது வழக்கம்தான் என்று அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பேச்சிமுத்து என்கிற பெயர் ஆறு மனுவிலும் இருந்தது. "இந்த ஆசாமிக்காகவே எனக்குத் துப்பாக்கி தேவைப்படுகிறது" என்ற வரி ஆறிலும் இருந்தது. ஆறு வருஷம் ஒரு மனிதன் பயந்து பயந்து எழுதியது, ஆறு வருஷமாகப் போட்ட கொலைத் திட்டமாக ஆகிவிட்டது. கடைசியில் ஏழாவதை எடுத்தார். "பேச்சிமுத்துவுக்கு என்று கேட்டுக் கிடைக்காததால், பன்றிக்கு என்று பொய் சொல்லி வாங்கியிருக்கிறார்" என்றார். ஆகாயத்தைப் பார்த்து ஏன் சுடவில்லை என்றும் கேட்டார். சூசை கூண்டுக்குள்ளிருந்து, "ஒரு தடவைதான்யா வெடிக்கும்" என்றார். கேட்காமல் பேசக் கூடாது என்று அதட்டினார்கள்.

அவருக்காகச் சர்க்கார் வைத்துக்கொடுத்த வக்கீல் நல்ல மனிதர். முந்தின நாளே சிறையில் போய்ப் பார்த்து வழி சொல்லியிருந்தார். பனிமூட்டம், சோளம் அசைந்தது, பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டேன் என்று சொன்னால் போதும். பயிர்க்காவல் லைசென்ஸ்தானே, அதிகம் போனால் கவனக்குறைவு, ஒன்றிரண்டு வருஷத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். அமிர்தவல்லியும் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட்டில் சத்தியப்பிரமாணம் கிடையாது. வேதப் புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஜட்ஜ் இங்கிலீஷில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"நீர் சுட்டபோது எதிரே வந்தது பன்றி என்று நினைத்தீரா?"

"இல்லைய்யா. பேச்சிமுத்துன்னு தெரியும். எம்மகள வெட்டீருவான்னு பயந்து சுட்டேன்."

வக்கீல் தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியானால், மனுவில் பன்றி என்று ஏன் எழுதினீர்? அப்படி எழுதச் சொன்னது யார்?"

நான் வாசல் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் காட்டினால் அன்றைக்கே என் வேலை போகும், வழக்கும் வரும். ஆனால் காட்டினால் அவருக்கு நல்லது. சர்க்கார் குமாஸ்தா ஒருவன் சொல்லிக்கொடுத்தான், பயந்த மனுஷன் கேட்டான் என்று ஆனால், அந்தப் பொய் அவருடையது இல்லை என்றாகும். எழுந்து நின்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. நான் எழவில்லை. சூசை என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யாரும் சொல்லலைய்யா. நானாத்தான் சொல்லி எழுதச் சொன்னேன்."

ஆயுள் தண்டனை. தீர்ப்பில் அந்தப் பன்றிப் பொய்யைப் பற்றித்தான் நீளமாக எழுதியிருந்தது.

விலங்கு மாட்டிக் கூட்டிப் போகையில் அதே வராந்தாவில் என் முன்னால் நின்றார். முன்னொரு நாள் பேச்சிமுத்து நின்ற இடம் அது. ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் தூங்குவேன். அவர் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"ஐயா, டிசம்பரோட லைசென்ஸ் முடிஞ்சு போச்சே. புதுப்பிக்காம விட்டதுக்கு ஒங்கள மேலிடத்துல எதுவும் சொல்லுவாவளா?"

"சொல்ல மாட்டாங்க அண்ணாச்சி" என்றேன்.

"அம்புட்டுத்தான், கேட்டுக்கிடலாம்னு நின்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.